சேவல் போட்ட கிண்ணம்

வெறும் ஏதனத்தைத் திருப்பிக் கொடுக்கக் கூடாது. எங்கள் தீவில் இதை ஒருவரும் சொல்லித் தருவதில்லை, எல்லோருக்கும் தெரியும். பக்கத்து வீட்டுச் சட்டியில் கறி வந்தால், சட்டியைக் கழுவி, அதற்குள் ஒரு பிடி அரிசியோ இரண்டு முருங்கைக்காயோ வைத்துத்தான் அனுப்புவோம். ஒன்றுமே இல்லாவிட்டால் ஒரு கரண்டி சீனி. நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். ரொறன்ரோவுக்கு வந்து இப்போது கிழவியாகிவிட்டேன். இத்தனை காலத்தில் என் வீட்டிலிருந்து ஒரு ஏதனமும் வெறுமனே போனதில்லை. இதைப் பெருமையாகத்தான் எழுதுகிறேன்.

என் குசினியில் ஒரு பீங்கான் கிண்ணம் இருக்கிறது. வெள்ளைக் கிண்ணம். விளிம்பில் ஒரு சின்ன உடைவு. உள்ளே, அடியில், சிவப்பு வாலும் கறுப்பு நெஞ்சுமாக ஒரு சேவல் வரைந்திருக்கிறது. அது என்னுடைய கிண்ணம் இல்லை. திருப்பிக் கொடுக்க இப்போது ஆளும் இல்லை.

நாங்கள் இந்த நாட்டுக்கு வந்த புதிதில், முதலில் இருந்த இரண்டு வீட்டிலிருந்தும் எங்களை எழுப்பிவிட்டார்கள். கருவாட்டு மணம்தான் காரணம். வாயைத் திறந்து அப்படிச் சொல்லமாட்டார்கள். வீடு விற்கப்போகிறோம் என்பார்கள், தம்பி வரப்போகிறான் என்பார்கள். மூன்றாவதாகக் கிடைத்தது அஜின்கோர்ட்டில் ஒரு பேஸ்மென்ற். மேலே வீட்டுக்காரர், ஒரு வியட்நாம் குடும்பம். புருசன், பெண்சாதி, ஒரு மகள். அவர்களும் எங்களைப்போல ஊரை விட்டு ஓடி வந்தவர்கள், எங்களுக்குச் சில வருடம் முந்தி. புருசன் இரவில் ஒரு பேக்கரிக்குப் போவார். பெண்சாதி வீட்டிலேயே தைப்பாள். எங்கள் கூரையில் விடிந்ததிலிருந்து தையல் மெசினின் சத்தம் ஓடிக்கொண்டிருக்கும். அது நின்றால் அவள் சமைக்கிறாள் என்று அர்த்தம். நாங்கள் அவளை மேல்வீட்டுக்காரி என்போம். அவள் எங்களை என்ன சொன்னாளோ.

வந்து கொஞ்ச நாள் நான் கருவாடு பொரிக்கவில்லை. பிறகு மகனுக்குக் காய்ச்சல் வந்தது. சோறும் கருவாடும் வேண்டும் என்று அழுதான். நடக்கிறது நடக்கட்டும் என்று சட்டியை வைத்தேன். சட்டி சூடாகி மணம் எழும்பவும் மேலே தையல் மெசின் நின்றது. படியில் செருப்புச் சத்தம். நான் அகப்பையைக் கையில் பிடித்தபடி கதவைத் திறந்தேன்.

"ஃபிஷ்?" என்றாள்.

"ஓம். ஃபிஷ்."

"ட்றை ஃபிஷ்?"

"ட்றை ஃபிஷ்தான். அதுக்கென்ன இப்ப?"

நான் தமிழில் கேட்டது அவளுக்கு விளங்கியிருக்காது, முகம் விளங்கியிருக்கும். அவள் என்னைத் தாண்டி உள்ளே வந்தாள். அடுப்புக்குக் கிட்டப் போய், சட்டிக்கு மேலே குனிந்து, கண்ணை மூடி மூச்சை இழுத்தாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள். வந்த வேகத்தில் மேலே போனாள். கொஞ்ச நேரத்தில் சேவல் போட்ட கிண்ணத்தோடு இறங்கி வந்து, இரண்டு கையாலும் பிடித்து என்னிடம் நீட்டினாள்.

"யூ ஈற். ஹொட்."

அது புளித்தண்ணி. அவர்கள் அதைக் கான் சுவா என்பார்கள். எங்கள் பழப்புளியேதான். தக்காளி, வெண்டிக்காய், முளைப்பயறு, கெளிறு மீனில் பெரிய துண்டு. சேம்பந்தண்டு மாதிரி ஒரு தண்டு, கடற்பஞ்சுபோல இருக்கும், கடித்தால் புளித்தண்ணி பொசுக்கென்று வாய்க்குள் வரும். மேலே சின்னச் சின்னதாக ஒரு பச்சை இலை, நறுக்கிப் போட்டது. அதில் சீரக வாசம் அடித்தது. எல்லாம் நமக்குத் தெரிந்ததாகவே இருந்தது, அன்னாசித் துண்டுகளைக் காணும் வரைக்கும்.

என்னுடைய மனுசன் வேலையால் வந்து ஒரு வாய் குடித்துப் பார்த்தார்.

"எடியேய், எங்கட புளிக்கறிக்குள்ளை ஆரோ அன்னாசியை வெட்டிப் போட்டிட்டாங்கள்."

"நல்லாயில்லையே?"

"நல்லாயில்லையெண்டு ஆர் சொன்னது? இன்னும் கொஞ்சம் ஊத்து."

அன்றைக்குத்தான் மகன் காய்ச்சலோடு வயிறு நிறையச் சாப்பிட்டான். இந்த நாட்டில் முதன்முதலாக ஒரு வீட்டில் இருக்கிறோம் என்று எனக்குத் தோன்றியதும் அன்றைக்குத்தான். அதுவரையில் ஒரு அறையில் இருந்தோம், அவ்வளவுதான்.

அடுத்த நாள் கிண்ணத்தைக் கழுவினேன். வெறுமனே கொடுக்கலாமா? பொரித்த கருவாட்டையும் கொஞ்சம் சம்பலையும் வைத்து மேலே கொண்டுபோனேன். இரண்டு நாளில் கிண்ணம் திரும்பி வந்தது, கறுப்பாகக் கருக்கிய சீனியில் மிளகு போட்டு வற்ற வைத்த மீனோடு. நான் இடியப்பமும் சொதியும் அனுப்பினேன். அது சோற்றுக் கஞ்சியாக இறங்கியது. பிட்டாக ஏறியது. இப்படியே எத்தனையோ வருடம் அந்தக் கிண்ணம் படியில் ஏறி இறங்கியது. அவர்கள் வீட்டிலும் அதே வழக்கம், வெறும் ஏதனம் திருப்புவதில்லை என்று அவளுடைய மகள் வளர்ந்த பிறகுதான் எனக்குச் சொன்னாள். கடைசியாக வாங்கியவள் தான்தான், திருப்பிக் கொடுக்க வேண்டியவளும் தான்தான் என்று அவள் நினைத்திருக்கிறாள், நான்தான் என்று நான் நினைத்திருக்கிறேன். நிற்பாட்ட இரண்டு பேருக்கும் வழி தெரியவில்லை. இருவருக்கும் சேர்த்து ஒரு கைப்பிடி இங்கிலீசுதான் இருந்தது. அதற்குள் "போதும்" என்ற சொல் இருக்கவில்லை.

ஆனால் ஒன்று. நான் மேல்வீட்டு மேசையில் இருந்து சாப்பிட்டதில்லை. "யூ சிற், யூ ஈற்" என்று கதிரையை இழுத்து வைப்பாள். நான் கிண்ணத்தை வாங்கிக்கொண்டு கீழே வந்துவிடுவேன். வாடகைக்கு இருப்பவள் வாடகைக்கு இருப்பவள்தான். ஊரிலும் நான் இன்னொரு வீட்டு மேசையில் குந்திச் சாப்பிட்டவள் இல்லை. என் அப்பு அப்படித்தான் வளர்த்தார்.

பிள்ளைகளுக்கு அந்தக் கணக்கெல்லாம் கிடையாது. என் மகனும் அவளுடைய மகளும் நடுப்படியில் இருந்து ஒரே கிண்ணத்தில் சாப்பிடுவார்கள். மேல்வீட்டுக்காரி மேலே நின்று குனிந்து பார்ப்பாள். சேவல் தெரிந்தால்தான் எழும்ப விடுவாள். ஒரு பருக்கை சேவலின் கண்ணை மறைத்தாலும், "நோ, நோ" என்று விரலை ஆட்டுவாள். எல்லோரும் சாப்பிட்டு முடிந்த பிறகு, மிச்சமிருப்பதைச் சட்டியோடு எடுத்து, அடுப்புக்குப் பக்கத்தில் நின்றபடி தின்பாள். அவள் இருந்து சாப்பிட்டதை நான் கண்டதேயில்லை.

ஒரே ஒரு தடவை அவள் கடலைப் பற்றிச் சொன்னாள். தைத்துக்கொண்டிருந்தவள், மெசினை நிறுத்தி, உள்ளங்கையை வள்ளம்போல வளைத்து ஆட்டினாள். கனபேர் என்று விரல்களை நெருக்கிக் காட்டினாள். பக்கத்தில் இருந்த இதே கிண்ணத்தை எடுத்து, ஒருவருக்கு நீட்டுவதுபோல நீட்டினாள், அடுத்தவருக்கு நீட்டினாள், அடுத்தவருக்கு நீட்டினாள். பிறகு தன்னுடைய வாயைக் கையால் பொத்திக் காட்டினாள். நான் தலையை ஆட்டினேன். நானும் கடல் கடந்து ஓடியவள்தானே. அவள் மறுபடியும் மெசினை மிதித்தாள்.

பிறகு நாங்கள் அந்தப் பேஸ்மென்றை விட்டு அப்பார்ட்மென்றுக்குப் போனோம். மகன் படித்து வேலையாகி, கலியாணம் கட்டி, அஜக்ஸில் வீடு வாங்கினான். அவளுடைய மகள் றிச்மண்ட் ஹில் பக்கம் போனாள். அவளுடைய புருசன் செத்துப்போனார். என்னுடைய மனுசனும் போனார். கிண்ணம் மட்டும் வந்துபோய்க்கொண்டிருந்தது, பிள்ளைகளின் கார்களில், துணியால் கட்டி. ஒரு இலையுதிர் காலத்தில் அது புளித்தண்ணியோடு என்னிடம் வந்தது. அதில் உப்பே இருக்கவில்லை. அன்னாசி இருந்தது, மீன் இருக்கவில்லை. வயதாகிவிட்டது, மறந்திருப்பாள் என்று நினைத்தேன்.

அதைத் திருப்பிக் கொடுக்க முந்தி, பனிக்குள் வீட்டுச் செருப்போடு பஸ் தரிப்பில் நின்ற அவளை ஆரோ பிடித்துக் கொண்டுவந்து விட்டார்கள். மறதி வருத்தம் என்றார்கள். மகள் வீட்டை விற்று, தாயை முதியோர் இல்லத்தில் சேர்த்தாள். கிண்ணம் என் அலுமாரியில் நின்றுவிட்டது. கதவைத் திறக்கும்போதெல்லாம் கண்ணில் குத்தும்.

போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாதா கோயில் பூசை முடிந்து என்னை ஏற்றிக்கொண்டு வரும்போது மகன் சொன்னான்:

"அம்மா, மேல்வீட்டு அன்ரி சாப்பிடுறேல்லையாம். மகளைக் கடையிலை கண்டனான். சாப்பாடு இறக்க வயித்துக்குள்ளை ரியூப் போடுறதோ விடுறதோ எண்டு யோசிக்கச் சொல்லியிருக்கினமாம்."

"நீ எப்ப கண்டனீ?"

"போன கிழமை."

"போன கிழமை கண்டதை இண்டைக்குச் சொல்லுறாய். என்னை அங்கை கூட்டிக்கொண்டு போ."

"உங்களை அவவுக்குத் தெரியாது அம்மா. சொந்த மகளையே தெரியாதாம். இந்தக் குளிருக்கை போய் என்ன செய்யப்போறியள்?"

"கிண்ணம் குடுக்கவேணும்."

"என்ன கிண்ணம்?"

"நீ காரை ஓட்டு."

அடுத்த சனிக்கிழமை இடியப்பம் அவித்து, மீன் போட்டுச் சொதி வைத்து, கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு போனேன். மகன் என்னை வாசலில் இறக்கிவிட்டு, ஒரு மணித்தியாலத்தில் வாறன் என்றான். உள்ளே ஒரு தமிழ்ப் பிள்ளை வேலை செய்தாள், வயதானவர்களைக் குளிப்பாட்டுகிற, சாப்பாட்டை வாயில் தீத்துகிற வேலை.

"ஆரைப் பாக்க வந்தனீங்கள் அன்ரி?"

சொன்னேன்.

"அந்தச் சீனாக்கார அம்மாவையோ? உங்களுக்கு என்ன முறை?"

"சீனா இல்லைப் பிள்ளை, வியட்நாம். சொந்தம்தான்."

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "சாப்பாடு கொண்டுவந்தனீங்களே? வீணாப் போகப்போகுது. வாயைத் திறக்கமாட்டா. கோப்பையைத் தள்ளித் தள்ளி விடுவா. என்ர உடுப்பிலை கொட்டாத நாளில்லை."

அறையில் மேல்வீட்டுக்காரியின் மகள் இருந்தாள். வேலையால் நேரே வந்தவள்போலக் கோட்டைக்கூடக் கழற்றவில்லை. தலையில் நரை விழுந்திருந்தது. படியில் இருந்து சேவலைத் தேடின பிள்ளைக்கு நரை. என்னைக் கண்டதும், என் மகனிடம் சின்ன வயதில் பழகிய தமிழில், "சாப்பிட்டீங்களா அன்ரி?" என்றாள். அதற்குமேல் அவளுக்குத் தமிழ் வராது. மற்றதெல்லாம் இங்கிலீசில்தான் கதைத்தாள். விளங்கியதை நான் இங்கே என் தமிழில் எழுதுகிறேன்.

மேல்வீட்டுக்காரி யன்னலோரம் கதிரையில் இருந்தாள். ஒரு சிறு பறவையளவுக்கு வற்றிப்போயிருந்தாள். தைத்துத் தைத்துக் கூனின முதுகு மட்டும் அப்படியே இருந்தது. என் முகத்தைப் பார்த்தாள். சுவரைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். நான் கிண்ணத்தை அவளுடைய மடியில் வைத்தேன். ஒற்றை விரலால் தள்ளிவிட்டாள்.

"இப்படித்தான் அன்ரி" என்றாள் மகள். "நான் செய்துகொண்டு வந்ததையும் தொடவில்லை." ஒரு சுடுதண்ணிப் போத்தல் நிறையப் புளித்தண்ணி கொண்டுவந்திருந்தாள். "அம்மா வைத்தது போலவேதான் வைத்தேன். மூன்று கடை ஏறி அந்த இலையையும் வாங்கினேன். திங்கட்கிழமை டொக்டருக்குப் பதில் சொல்லவேண்டும், ரியூப் போடச் சொல்வதா வேண்டாமா என்று. வேண்டாம் என்றால் நானே பட்டினி போடுகிறேன் என்று ஆகிறது. போடுங்கள் என்றால், கையைக் கட்டிவிட வேண்டியிருக்கும் என்கிறார்கள். இழுத்துப் பிடுங்குவாவாம்."

தாய் தள்ளிவிட்ட கிண்ணத்தை நான் எடுத்து மேசையில் வைத்தேன்.

"வள்ளத்தில் வரும்போது நான் கைக்குழந்தை" என்றாள். "மற்றவர்களுடைய பிள்ளைகள் சிலது கரை சேரவில்லை. நான் சேர்ந்தேன். எப்படி என்று கேட்டால் சொல்லமாட்டா. ஒருநாள், தாய்க்கு நன்றி சொல்லவேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் படிப்பித்தார்கள் என்று வந்து நன்றி சொன்னேன். கோபம் வந்துவிட்டது. நீ என்ன வீட்டுக்கு வந்த விருந்தாளியா என்று கேட்டா."

எங்கள் வீடுகளிலும் அப்படித்தான் என்றேன். நன்றி என்பது மேடையில் சொல்கிற சொல். தாய்க்குச் சொன்னால் தாய் பயந்துபோவாள்.

மகள் என்னுடைய இடியப்பத்தைச் சொதியோடு ஒரு பிளாஸ்ரிக் பெட்டிக்கு மாற்றினாள். கிண்ணத்தைக் கழுவித் தன்னுடைய புளித்தண்ணியை ஊற்றினாள். பழைய கிண்ணத்தில் கொடுத்தால் ஒருவேளை குடிப்பாளோ என்ற நினைப்பு. ஆவி எழும்பியது. அந்த அறையில் அதுவரை இருந்த மருந்து நாற்றம் போய், அஜின்கோர்ட் வீட்டுப் படி மணந்தது.

மேல்வீட்டுக்காரியின் மூக்கு அசைந்தது. கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்தாள். மகள் மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தாள். தாய் கிண்ணத்தை என் பக்கம் தள்ளினாள்.

"அன்" என்றாள்.

"என்ன சொல்லுறா?"

"சாப்பிடு என்கிறா. அதொன்றுதான் மிஞ்சியிருக்கிறது. எல்லோருக்கும் சொல்லுவா. நேர்சுக்கு, டொக்டருக்கு, ரீவியில் தெரிகிறவர்களுக்கும்கூட."

"அன்." கிண்ணம் இன்னும் கிட்ட வந்தது. என் மடியில் சிந்தியது. "அன். அன்."

எனக்கு அந்தரமாகப் போய்விட்டது. வாசலில் அந்தத் தமிழ்ப் பிள்ளை நிற்கிறாள். பக்கத்துக் கட்டிலில் இருக்கிற வெள்ளைக்காரி பார்த்துக்கொண்டிருக்கிறாள். நோயாளிக்குக் கொண்டுவந்த சாப்பாட்டை, பார்க்க வந்தவள் வாங்கித் தின்கிறாள் என்று ஒரு ஊரே கதைக்க இது போதும். ஆனால் அந்தக் கையை இன்னும் எவ்வளவு நேரம் நீட்டியபடி விடுவது? வாங்கினேன். கதிரையை இழுத்து அவளுக்கு முன்னால் இருந்தேன். குடித்தேன்.

நாக்கில் முதலில் புளி. பிறகு அன்னாசியின் இனிப்பு, அதற்குப் பின்னால் மெதுவாக மீன். மகள் கொஞ்சம் சீனியைக் கூடப் போட்டிருந்தாள். ஆனாலும் அதுதான். மகனின் காய்ச்சல், மனுசனின் பகிடி, கூரையில் ஓடிய மெசின், எல்லாம் அந்தச் சூட்டோடு தொண்டைக்குள் இறங்கியது. எனக்குக் கண் கலங்கவில்லை. நான் அப்படிச் சட்டென்று அழுகிறவள் இல்லை. ஆனால் நிறுத்தவும் முடியவில்லை. கடைசிச் சொட்டுவரைக்கும் குடித்தேன். மேல்வீட்டுக்காரி குனிந்து கிண்ணத்தின் அடியைப் பார்த்தாள். சேவல் தெரிந்தது. தலையை ஆட்டினாள்.

இப்போது கிண்ணம் வெறுமையாய் என் கையில். அதை எப்படி அவளிடம் நீட்டுவது? எழும்பிப் போய், தண்ணீர்க் குழாயில் கழுவி, பிளாஸ்ரிக் பெட்டியில் கிடந்த என்னுடைய இடியப்பத்தைச் சொதியோடு அதற்குள் போட்டேன். சொதியில் ஊறிப் பஞ்சாகியிருந்தது. நான் வேறொன்றையும் யோசிக்கவில்லை. கையில் ஊறிய பழக்கம், அவ்வளவுதான். படியில் நின்று கொடுப்பதுபோல இரண்டு கையாலும் நீட்டினேன்.

இரண்டு கையாலும் வாங்கினாள். மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோய், கண்ணை மூடி மணந்து பார்த்தாள். பிறகு விரலால் ஒரு நூலை இழுத்து வாய்க்குள் வைத்தாள்.

மகள் கோட்டோடு நிலத்தில் இருந்துவிட்டாள். தாய் மெதுவாக, ஒவ்வொரு நூலாக, அரைவாசிக்குமேல் சாப்பிட்டாள். வாசலில் நின்ற தமிழ்ப் பிள்ளை, "மாதாவே" என்றாள்.

போகும்போது மகள் என்னோடு வாசல்வரைக்கும் வந்தாள்.

"நான் ஒவ்வொரு நாளும் அம்மாவுக்குத் தீத்தத்தான் வந்தேன் அன்ரி" என்றாள். "ஒருநாளும் சாப்பிட வரவில்லை. கோட்டைக்கூடக் கழற்றாமல், கரண்டியோடு நின்றேன். வீட்டில் நாங்கள் எல்லோரும் சாப்பிட்டு முடியாமல் அம்மா வாய் வைத்ததேயில்லை. எனக்கு எப்படித் தெரியாமல் போனது?"

தெரிந்திருந்தால் மட்டும் என்ன, வேலையையும் பிள்ளைகளையும் விட்டுவிட்டு அவள் வந்து சாப்பிட்டுக்கொண்டிருக்க முடியுமா? அதை நான் அவளுக்குச் சொல்லவில்லை. "போ, குளிருது" என்றேன். கிண்ணத்தை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன். இடியப்பத்தோடு விட்டேன். கடன் தீர்ந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

ரியூப் போடவில்லை. அந்த மாரிகாலம் முழுக்க, மகள் வேலையால் வந்து, கோட்டைக் கழற்றி வைத்து, தாய்க்கு முன்னால் இருந்து முதலில் தான் சாப்பிடுவாள். பிறகு கிண்ணத்தைக் கழுவி நிரப்பிக் கொடுப்பாள். ஒரு நாளில் கொஞ்சம் உள்ளே போகும், ஒரு நாளில் இல்லை. நானும் மகனுக்கு வசதிப்படும் சனிக்கிழமைகளில் போய்ச் சாப்பிட்டேன். என் வாழ்க்கையில் இன்னொருத்தியின் முன்னால் இருந்து அவ்வளவு சாப்பாடு நான் சாப்பிட்டதில்லை. அவளுக்கு என்னைக் கடைசிவரைக்கும் அடையாளம் தெரியவில்லை. யாரோ ஒரு பசித்த கிழவி என்று நினைத்திருப்பாள். ஒருநாள் தன் தோளில் கிடந்த சால்வையையும் எடுத்து எனக்குப் போர்த்திவிட்டாள்.

பனி கரையத் தொடங்கிய ஒரு நாள், கிண்ணத்தைக் கொடுத்தபோது அவள் தள்ளவில்லை. பிடிக்கவும் இல்லை. "அன்" என்ற சொல்லும் போய்விட்டது. கை மடியில் கிடந்தது. மகள் தான் சாப்பிட்டுக் காட்டினாள், நானும் சாப்பிட்டுக் காட்டினேன். அவள் யன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கொடுக்க முடியாமல் போன பிறகு அவளுக்குச் சாப்பாட்டோடு ஒரு தொடர்பும் இருக்கவில்லை. நேர்ஸ் வாயை ஈரத் துணியால் துடைத்துவிட்டாள். அடுத்த கிழமை மேல்வீட்டுக்காரி போய்விட்டாள்.

எங்களுக்கு முப்பத்தோராம் நாள்போல அவர்களுக்கு நாற்பத்தொன்பதாம் நாள். மகள் சொல்லியனுப்பியிருந்தாள். மகன் என்னை றிச்மண்ட் ஹில்லுக்குக் கொண்டுபோய் விட்டான். சுவரோரம் ஒரு உயரமான மேசை. அதில் தாயினதும் தகப்பனினதும் படங்கள். பழம், பூ, சோறு, வற்ற வைத்த மீன். நடுவில் சேவல் கிண்ணம் நிறையப் புளித்தண்ணி. மகள் ஊதுபத்தியைக் கொளுத்தி மூன்று தரம் குனிந்து கும்பிட்டாள். நான் சிலுவை அடையாளம் போட்டேன். ஊதுபத்தி எரிந்து முடியும்வரைக்கும் ஒருவரும் சாப்பாட்டைத் தொடக் கூடாது, முதலில் அவர்கள் சாப்பிட வேண்டும் என்று மகள் சொன்னாள்.

எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு நின்றோம். புகை ஒரு நூலாய் மேலே போனது. இத்தனை வருடத்தில் முதன்முதலாக அவள் முதலில் சாப்பிடுகிறாள். படத்தில் அவளுடைய முகத்தைப் பார்த்தேன். அதற்குப் பழக்கமில்லாதவள்போலத்தான் இருந்தாள்.

பிறகு எங்களை மேசையில் இருத்தினார்கள். இந்த முறை சீனி அளவாக இருந்தது. "சரியா அன்ரி?" என்று மகள் கேட்டாள். சரி என்றேன். அவள் அழத் தொடங்கினாள். அவளுடைய பிள்ளைகள் போனை வைத்துவிட்டுத் தாயைப் பார்த்தார்கள். நான் அவளுடைய கோப்பைக்கு இன்னும் கொஞ்சம் சோறு போட்டேன். வேறென்ன செய்வது.

வெளிக்கிடும்போது கிண்ணத்தைப் புளித்தண்ணியோடு துணியில் கட்டி என் கையில் தந்தாள்.

"இதை நீங்களே வைத்திருங்கள் அன்ரி. திருப்பித் தரவேண்டாம்."

"உப்பிடிச் சொல்லாதை பிள்ளை" என்றேன். அவளுக்கு விளங்கவில்லை. கட்டிப்பிடித்துவிட்டு உள்ளே போனாள்.

போன ஞாயிற்றுக்கிழமை மகன் வந்தான். ஒவ்வொரு ஞாயிறும் வருவான், குறை சொல்லக்கூடாது. கடைச் சாப்பாட்டைப் பெட்டி பெட்டியாக வாங்கி வந்து, பிரிட்ஜில் அடுக்கி, எது எந்த நாளுக்கு என்று சொல்லி, மருந்தைப் பார்த்து, நெற்றியில் கொஞ்சிவிட்டுப் போவான். ஜக்கெற் கழற்றமாட்டான். கார்த் திறப்பு கையிலேயே இருக்கும். நல்ல பிள்ளை. போன அன்னையர் தினத்துக்கு ஒரு வாழ்த்து மட்டையில், நீங்கள் எங்களுக்காகப் பட்ட கஷ்டத்துக்கெல்லாம் நன்றி அம்மா என்று எழுதித் தந்தான். அதை மாதா படத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன்.

அன்றைக்கு நான் விடியவே எழும்பி, கெளிறு வாங்கி வைத்திருந்ததைத் துப்பரவாக்கி, பழப்புளி கரைத்து, அன்னாசி வெட்டிப் போட்டுச் சமைத்திருந்தேன். அந்த இலை கிடைக்கவில்லை. ஒரு சிட்டிகை சீரகத்தூள் போட்டேன். சேவல் கிண்ணத்தில் சோற்றைப் போட்டு, மேலே ஊற்றி, மேசையில் வைத்தேன்.

"உது மேல்வீட்டுக் கிண்ணமெல்லோ?" என்றான்.

"ஓம். இரு."

"நான் சாப்பிட்டிட்டுத்தான் வந்தனான் அம்மா. நீங்கள் சாப்பிடுங்கோ."

நான் கிண்ணத்தை அவன் பக்கம் தள்ளினேன். அவன் என் கையைப் பார்த்தான். என்ன நினைத்தானோ, ஜக்கெற்றோடு கதிரையின் நுனியில் இருந்தான். கரண்டியை எடுத்தான். ஒரு வாய் வைத்ததும் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். காய்ச்சல்காரப் பிள்ளையின் முகம் ஒரு கணம் வந்து போனது.

"அதே ரேஸ்ற் அம்மா."

"கதைக்காமல் தின்."

கொஞ்சம் சாப்பிட்டான். போன் அடித்தது. மகளுக்கு நீச்சல் வகுப்பாம், ஏற்றப் போகவேண்டுமாம், மருமகள் வேலையில் நிற்கிறாளாம். எழும்பி வாயைத் துடைத்தான்.

"மிச்சத்தை மூடி வையுங்கோ, அடுத்த முறை வந்து சாப்பிடுறன்" என்று சொல்லிவிட்டு, நெற்றியில் கொஞ்சிவிட்டுப் போனான். லிஃப்ற் வரும் சத்தம் கேட்டது. மூடும் சத்தமும் கேட்டது.

நான் கிண்ணத்துக்குள் குனிந்து பார்த்தேன். சோற்றுக்குள்ளிருந்து சிவப்பு வால் மட்டும் தெரிந்தது.

மிச்சத்தை நான் அடுப்புக்குப் பக்கத்தில் நின்றபடி சாப்பிட்டு முடித்தேன்.